கடற்பாசி: வாசகர் கேள்விகளும் விளக்கங்களும்

கேள்வி: மூங்கில் மிதவைகளில் நாங்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியின் கிளைகள் வெயில் காலத்தில் வெளுத்து உதிர்ந்துவிடுகின்றன. இதற்கு மருந்து உண்டா?

பதில்: இது 'ஐஸ்-ஐஸ்' எனப்படும் பாதிப்பு. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போதும், மழைநீர் கலந்து உப்புத்தன்மை குறையும்போதும், நீரோட்டம் அடங்கிவிடும்போதும் பாசி முதலில் நலிவடைகிறது. பின்னர் நலிந்த திசுவில் பாக்டீரியாக்கள் பெருகி அதைச் சிதைக்கின்றன. நல்ல பாசியின் கிளை விரலுக்கு விறைப்பாக இருக்கும். பாதிக்கப்பட்ட இடமோ நிறம் போய், தொட்டாலே குழைந்து, அங்கேயே அற்று விழும். திறந்த கடலில் தெளிக்கத்தக்க மருந்து எதுவும் இல்லை. வெளுத்த பகுதிகளை உடனே வெட்டிக் கரைக்குக் கொண்டுவருவதும், வழக்கமான 45 நாள்கள் முடியும்வரை காத்திராமல் அறுவடை செய்து உலர்த்துவதும், விதைத்துண்டுகளை நோயற்ற மிதவைகளிலிருந்து மட்டுமே எடுப்பதும்தான் இப்போதைக்கு வழி.

பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த இப்பாசி, நம் கரைக்கு வந்த நாள் முதல் துண்டிலிருந்து துண்டாகவே பெருக்கப்பட்டு வருவதால், மிதவைகளில் இருப்பவை பெரும்பாலும் ஒரே மரபைக் கொண்டவை. ஒன்று தாங்காத வெப்பத்தை மற்றொன்றும் தாங்குவதில்லை. 2013-க்குப் பின் தமிழகத்தில் விளைச்சல் எப்படிச் சரிந்தது என்பதை இத்தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெப்பம் தாங்கும் புதிய விதைப்பாசியை உருவாக்கும் ஆய்வுக்கே முதலிடம் தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பாசியின் வாழ்க்கைச் சுழற்சியை ஆய்வகத்தில் ஆராய்வதால் வளர்ப்பவருக்கு என்ன பயன்?

பதில்: ஜப்பானியர் உணவாகக் கொள்ளும் நோரி என்ற கடற்பாசியின் வளர்ப்பே இதற்குச் சான்று. வித்து எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாமல் அவர்கள் நெடுங்காலம் கடலின் போக்கை நம்பியிருந்தனர். சிப்பி ஓட்டைத் துளைத்து வாழும் ஒரு நுண்ணிழைப் பாசி அதுவரை தனி இனமாகக் கருதப்பட்டது. நோரியின் நெருங்கிய உறவான போர்ஃபைராவின் வாழ்வில் அது ஒரு பருவமே என்பதை 1949-இல் இங்கிலாந்தின் கேத்லீன் ட்ரூ-பேக்கர் வெளிப்படுத்தினார். ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் பருவத்தைச் சிப்பி ஓடுகளில் வளர்த்து, வெளிவரும் வித்துகளை வலைகளில் படியச் செய்தனர், தொழில் நிலைபெற்றது. ஜப்பானுக்கு ஒருமுறைகூடச் சென்றிராத அவருக்கு, 1963-இல் அந்நாட்டின் உட்டோ நகரில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது.

கேள்வி: தைராய்டு குறைபாட்டுக்குக் கடற்பாசி சாப்பிடலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். சில பழுப்புப் பாசிகளில் அயோடின் மிக அதிகம்; அயோடின் அளவுக்கு மிஞ்சினாலும் தைராய்டு பாதிக்கப்படும்.

கேள்வி: மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி குறைந்துவருவது ஏன்?

பதில்: அகார் என்ற கூழ்மப்பொருளைத் தரும் இப்பாசி மெதுவாக வளர்வது. கல்லைப் பற்றிப் படரும் அடிப்பகுதி மிஞ்சினால் அதிலிருந்தே மீண்டும் தழைக்கும். அடியோடு பிடுங்கினால் அந்தக் கல் நெடுநாள் வெறுமையாகவே கிடக்கும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இதை நன்கறிவார்கள். மாதத்தில் சில நாள்கள் மட்டுமே எடுப்பது என்ற கட்டுப்பாட்டைப் பல ஊர்களில் தாங்களாகவே வகுத்துக்கொண்டுமிருக்கிறார்கள். பாதுகாப்புத் திட்டங்களை வகுப்போர் அவர்களைக் கேட்டபிறகே முடிவெடுக்க வேண்டும்.