மலைக் கிராமத்துக்குக் காரா, பஸ்ஸா? கடைசி நடையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் மலைக் கிராமத்துக்கு இருப்பது ஒரே ஒரு குறுகிய சாலை. விடுமுறை நாட்களில் சுற்றுலா கார்கள் வளைவுகளில்கூட நிற்பதால் பஸ் நடுவழியில் சிக்கிக்கொள்கிறது. மற்ற நாட்களில் அதே பஸ் காலியாக ஓடுகிறது. வெளிக் கார்களைத் தடை செய்யச் சொல்கிறார்கள் சிலர். வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்கள் கடைக்காரர்கள். கிராமக் குழு என்ன செய்யலாம்?

பதில்: தடையைப் பிறகு பார்க்கலாம். முதலில் கடைசி பஸ்ஸைக் கவனியுங்கள். காரில் வருகிற பலருக்கு பஸ்மேல் வெறுப்பு கிடையாது. சாயங்காலம் இறங்க வண்டி கிடைக்காதோ என்ற பயம்தான். கடைசி பஸ் நான்கு மணிக்கே போய்விட்டால் காலை பஸ்ஸிலும் ஆள் ஏறாது. இருட்டிய பிறகு ஒரு நடை விடுங்கள். அதில் நான்கு பேரே ஏறினாலும் நிறுத்திவிடாதீர்கள். அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மற்ற நடைகள் நிரம்பும். அதன் வரவு செலவைத் தனியாகக் கணக்குப் பார்ப்பது தவறு.

அடுத்து அடிவாரத்தில் பார்க்கிங். ஸ்விட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்குள் வெளிக் கார்கள் போக முடியாது. சுமார் 5 கி.மீ. கீழே டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு, 12 நிமிடத்தில் ரயிலில் மேலே போய்விடுகிறார்கள். அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து சீசன் மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் இலவச ஷட்டில் பஸ்தான். தனியார் கார்களுக்கு அனுமதியில்லை. வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊருக்குள்ளும் ஒரு தடம் ஓடுகிறது. அங்கே தங்குபவர்கள் விடுதியிலேயே காரை விட்டுவிட்டு, கடைத்தெரு வழியாகவே பூங்காவுக்குப் போகலாம். இதைக் கடைக்காரர்களிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

ஆனால் எத்தனை பஸ் வேண்டும் என்று கணக்குப் போடாமல் இறங்காதீர்கள். போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகுமென்றால், 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட 3 வண்டி வேண்டும். ஆளுக்கு ஓர் இருக்கை, வண்டிக்கு 30 இருக்கை என்றால் மணிக்கு 90 பேர்தான் மேலே போக முடியும். உங்களுக்கு உச்ச நேரத்தில் 200 பேர் வந்தால் அடிவாரத்தில் வரிசை நீண்டு, அன்றைக்கே திட்டம் கெட்ட பெயர் வாங்கிவிடும். சில விடுமுறை நாட்களில் ஆட்களை மணிவாரியாக எண்ணிப் பாருங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் பார்க்கிங்கை இன்றே தடுத்துவிடலாம். திரும்பும்போது பஸ்ஸுக்குச் சாலையின் முழு அகலமும் தேவை. ஓரமாக நிற்கும் ஒரே கார் எல்லாவற்றையும் முடக்கிவிடும். ஸ்விட்சர்லாந்தில் மலை அஞ்சல் சாலைகள் (அஞ்சல் பஸ்கள் ஓடும் மலைச் சாலைகள்) என்று அறிவிக்கப்பட்ட பாதைகளில், எதிரே வரும் கார்கள் பஸ் டிரைவர் சொல்கிறபடி ஒதுங்க வேண்டும் என்பது சட்டம்.

இவ்வளவுக்கும் பிறகு நெரிசல் தீராவிட்டால் தடை போடலாம். அது விடுமுறை நாட்களின் உச்ச நேரத்துக்கு மட்டும் இருக்கட்டும். ஊர்க்காரர்கள், மாற்றுத்திறனாளிகள், சரக்கு வண்டிகள், ஆம்புலன்ஸ் ஆகியோருக்கு விலக்கு கட்டாயம்.

வாரநாள் பஸ்ஸை இதோடு குழப்ப வேண்டாம். ஊர்க்காரர்களுக்கு வேண்டியது பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சரியான நேரத்தில் ஒரு நடை. இடைப்பட்ட நேரத்தில் போனில் முன்பதிவு செய்தால் வரும் சிறிய வேன் போதும். பார்க்கிங் கட்டணம் முழுவதும் இந்த வேனுக்கும் கடைசி பஸ்ஸுக்கும் போகும்படி தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பொதுக் கணக்கில் சேர்ந்துவிட்டால் அதைத் திரும்ப வாங்குவது கடினம்.