எம்.டி. முடித்தபின் எலும்பு மூட்டு ரேடியாலஜியில் ஃபெலோஷிப் செய்யலாமா? எந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது என்று எதை வைத்து முடிவு செய்வது?

நீங்கள் எம்.டி. கடைசி வருடத்தில் இருக்கிறீர்கள், இரண்டு மூன்று இடங்களில் விசாரித்திருக்கிறீர்கள், ஏதோ ஓரிடத்தில் ‘எங்களிடம் 3 டெஸ்லா எம்ஆர்ஐ இருக்கிறது’ என்று சொல்லி மயக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். என்னிடம் நேர்காணலுக்கு வருகிறவர்களும் முதலில் கேட்பது எத்தனை டெஸ்லா, அதாவது மெஷினின் காந்தம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான்.

வடசென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒன்பது வருடமாக இந்தப் பயிற்சியை நடத்துகிறேன். வருடத்துக்கு இரண்டு பேர். எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன், காரணம் படித்தால் புரியும்.

ஆரம்பித்த இரண்டாவது வருடம். அப்போது எங்கள் பயிற்சி முழுக்க எம்ஆர்ஐதான். எக்ஸ்ரே பார்க்க எம்.டி.யிலேயே கற்றிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். பகலில் ஃபெலோ ரிப்போர்ட் எழுதுவார், சாயங்காலம் நான் மொத்தமாகக் கையெழுத்து போடுவேன். ஒரு சனிக்கிழமை காசிமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். விசைப்படகில் வேலை. ஐஸ் பெட்டி இறக்கும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு எக்ஸ்ரே, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ‘எலும்பு முறிவு இல்லை’ என்று ஃபெலோ எழுதியிருந்தார். முறிவு இல்லைதான். நானும் பார்த்தேன், கையெழுத்து போட்டேன்.

முறிவு இல்லை என்று காகிதத்திலேயே இருக்கிறதே என்று அவர் போய் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டார். ஐந்து வாரம் கழித்து மனைவியோடு திரும்பி வந்தார். அந்த அம்மா என் அறை வாசலில் நின்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “எலும்புல ஒண்ணியும் இல்லன்னு எய்தி குட்த்தீங்களே சார், மூணு வெரலும் மரத்துப் பூட்ச்சே!”

பழைய படத்தை எடுத்து மாட்டினேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. மணிக்கட்டின் பக்கவாட்டுப் படத்தில் ஆரை எலும்பு தட்டு மாதிரி, அதன் மேல் லூனேட் என்ற சின்ன மணிக்கட்டு எலும்பு கிண்ணம் மாதிரி, கிண்ணத்துக்குள் நெல்லிக்காய் வைத்ததுபோல் கேபிடேட் என்ற இன்னொரு எலும்பு. மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இவருக்குக் கிண்ணம் உள்ளங்கைப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது. நேர்ப் படத்திலும் நாற்கோணமாக இருக்க வேண்டிய லூனேட் முக்கோணமாகத் தெரிந்தது. கவிழ்ந்த எலும்பு மீடியன் நரம்பை அழுத்த, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துவிட்டன. அன்றைக்கே கண்டுபிடித்திருந்தால் நிலைமை வேறு. ஐந்து வாரத்தில் இழுத்து உட்கார வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது, திறந்துதான் சரிசெய்ய வேண்டியிருந்தது. உணர்ச்சி ஓரளவு திரும்பியது, பிடிமானம் திரும்பவில்லை. இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை, கரையில் ஏலம் கூவுகிறார்.

உண்மையைச் சொன்னால், அன்று முதலில் அந்த ஃபெலோவைத்தான் திட்டினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் கையெழுத்து யாருடையது என்று உறைத்தது.

அப்புறம் பயிற்சியைத் தலைகீழாக மாற்றினேன். முதல் இரண்டு மாதம் எம்ஆர்ஐ பக்கமே விடுவதில்லை. காலை எட்டு மணிக்குப் பத்து எக்ஸ்ரே, பக்கவாட்டுப் படத்தை முதலில் பார்க்க வேண்டும். புதன்கிழமை எலும்பு முறிவு ஓ.பி.யில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நாம் எழுதிய ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில், ஆபரேஷனில் திறந்தபோது என்ன இருந்தது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டு பலருடைய மண்டைக்கனத்தைக் கரைத்திருக்கிறது. அல்ட்ராசவுண்டில் தோள்பட்டைத் தசைநாருக்குச் செங்குத்தாகக் கருவியைப் பிடிக்காவிட்டால், நல்ல தசைநாரும் கறுப்பாகத் தெரியும். அதைக் கிழிசல் என்று எழுதிவிட்டு, ஆபரேஷன் தியேட்டரில் போய் நல்ல தசைநாரைப் பார்த்து விழிப்பார்கள்.

உடனே ‘இவர் பழைய காலத்து ஆள், எம்ஆர்ஐக்கு எதிரி’ என்று கிளம்ப வேண்டாம். முதுகெலும்பில் டிபி வந்தால், எலும்பு கணிசமாக அரித்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். எம்ஆர்ஐயில் வெகு முன்பே தெரியும். டிபி இன்னும் எங்கள் ஓ.பி.க்குத் தினமும் வருகிற விஷயம். நான் சொல்வது வரிசையைப் பற்றித்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் தேர்வான ஒருவர் போனில் “அந்த ஏரியா சேஃபா சார்?” என்று கேட்டுவிட்டு வராமலே போனார். சினிமாக்காரர்கள் எங்கள் பக்கம் கேமராவைத் திருப்பினால் கையில் கத்தியோடுதான் ஆளைக் காட்டுகிறார்கள். 2021லேயே மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தாகிவிட்டது, இந்தக் கேள்வி மட்டும் இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இங்கே பயப்பட வேண்டியது கன்டெய்னர் லாரிக்குத்தான். வியாசர்பாடியில் பந்து விளையாடுகிற பிள்ளைகளின் முழங்கால், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் தோள், மணலிப் பக்கம் மெஷினில் சிக்கிய விரல்கள். இத்தனை பாடம் வேறெங்கே ஒரே வாரத்தில் கிடைக்கும்? சரி, விடுங்கள்.

ஃபெலோஷிப் செய்யலாமா என்றால், செய்யுங்கள். மூன்று வருட எம்.டி.யில் மூளை, வயிறு, நெஞ்சு எல்லாம் போக எலும்புக்குக் கிடைப்பது சொற்பம். நேர்காணலுக்குப் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: நான் படம் பார்க்கும்போது பக்கத்தில் யார் உட்காருவார்கள், தியேட்டருக்குள் விடுவார்களா, தவறவிட்ட கேஸ்களைப் பற்றி எங்கே பேசுவீர்கள். மூன்றாவதற்கு ‘எங்களிடம் அப்படி எதுவும் நடப்பதில்லை’ என்று பதில் வந்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஸ்டைபண்ட் குறைவுதான். அதைப் பற்றி மேலே எழுதினால் எங்கள் டீன் படித்துவிடுவார்.