24 வோல்ட் மோட்டாரை ஆர்டுயினோவில் முன்னும் பின்னும் ஓட்ட எந்த டிரைவர் வாங்கலாம்?

"எல்298 மாட்டினேன், சூடாகிப் புகை வந்துவிட்டது, இதைவிடப் பெரிய டிரைவர் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டார் 24 வோல்ட், 350 வாட் என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. இறுதியாண்டு புராஜெக்ட், ரிவ்யூ நெருங்கிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு காரணம் என்றாலும் பரவாயில்லை, மோட்டாருக்கு அது தெரியாது.

டிரைவர் என்பது, ஆர்டுயினோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டு சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்ட் விடும் சர்க்யூட். எல்298 பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் அதன் அளவு. உள்ளே இருப்பது மாஸ்ஃபெட் என்ற, குறைந்த இழப்போடு கரண்ட் விடும் ஸ்விட்ச் அல்ல, பழைய வகை பைபோலார் டிரான்சிஸ்டர். 2 ஆம்பியர் போகும்போது ஐந்து வோல்ட் வரை அதுவே தின்றுவிடும், அதெல்லாம் சூடாகத்தான் வெளியே வரும். உங்கள் மோட்டார் முழுச் சுமையில் 18 ஆம்பியர் பக்கம் இழுக்கும். எரியாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்து நீங்கள் வாங்கப் போவது பிடிஎஸ்7960 மாட்யூல். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். விளம்பரத்தில் 43 ஆம்பியர் என்று பெரிதாகப் போட்டிருக்கும். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். அந்த 43 என்பது, அதற்கு மேல் போனால் சிப் தானாகவே மின்னோட்டத்தை வெட்டிவிடும் என்கிற வரம்பு. நாள் முழுக்கத் தாங்கும் அளவு அல்ல. அந்தச் சின்ன அலுமினியத் துண்டை வைத்துக்கொண்டு தொடர்ந்து 10, 15 ஆம்பியருக்கு மேல் நான் நம்பமாட்டேன். "நான் 30 ஆம்பியரில் ஓட்டுகிறேன்" என்று யாராவது வருவார்கள். ஓட்டுங்கள், மகிழ்ச்சி. மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஓட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிப்பு. மோட்டார் காயில் கட்டுவது, வெல்டிங், பம்ப்செட் ஸ்டார்ட்டர் ரிப்பேர், இதுதான் சோறு போடுகிறது. மைக்ரோகன்ட்ரோலர் பிறகு ஆர்வத்தில் கற்றுக்கொண்டது. இதைச் சொல்லக் காரணம், "வெல்டிங் கடைக்காரருக்கு எலக்ட்ரானிக்ஸ் எதுக்கு" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள்.

சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அண்ணன் பேட்டரி வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மரங்களுக்கு நடுவே பறித்த காயைக் கிரேட்டில் அடுக்கி, லாரி நிற்கும் மண் ரோடு வரை இழுத்துவரும் வண்டி. கல்லூரிப் பையன்கள் செய்து கொடுத்தது. வேலை சுத்தமாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மரங்களுக்கு நடுவே திருப்ப இடம் கிடையாது. போன வழியே ரிவர்ஸில் வர வேண்டும். "தம்பி, முன்னால போறப்ப ஒண்ணும் ஆகறதில்ல. ரிவர்ஸ் போட்டா படக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், வண்டி செத்துடுது" என்றார். டிரைவர் மாட்யூலை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டார்கள். பெரிய மாட்யூல் வாங்கு என்பதுதான் எல்லோரும் சொன்ன மருந்து. உங்கள் கேள்வியும் அதே மாதிரி இருந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் முதலில் மாட்யூலைத் தொடவே இல்லை. மோட்டாரின் மின்தடையை அளந்தேன். இதை மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளக்காதீர்கள், இவ்வளவு சின்ன அளவில் மீட்டர் ஒயரின் தடையும் சேர்ந்துவிடும். மோட்டார் தண்டைச் சுற்றாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் பெஞ்ச் பவர் சப்ளையில் 5 ஆம்பியர் மட்டும் விட்டு, மோட்டார் முனையில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். எனக்கு 1.25 வோல்ட் வந்தது. அப்படியென்றால் கால் ஓம். 24 வோல்ட்டைக் கால் ஓமால் வகுத்தால் 96 ஆம்பியர். நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரேயடியாக முழு வோல்ட் கொடுத்தால், அந்த முதல் நொடியில் அது கேட்பது இவ்வளவு. பேட்டரியும் ஒயரும் கொஞ்சம் தடுக்கும், இருந்தாலும் கணக்கு இதுதான்.

ரிவர்ஸுக்கு வாருங்கள். ஓடும் மோட்டார் ஒரு ஜெனரேட்டரும்கூட. முழு வேகத்தில் அது தானே கிட்டத்தட்ட 24 வோல்ட்டை எதிர்த்திசையில் உண்டாக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஓடும்போது கரண்ட் குறைவாக இழுக்கிறது. அந்த நேரத்தில் திசையைத் திருப்பிவிட்டால், இதுவரை எதிர்த்த 24 வோல்ட் பேட்டரியின் 24 வோல்ட்டோடு சேர்ந்துகொள்ளும். 48 வோல்ட், கால் ஓம். 190 ஆம்பியரைத் தாண்டுகிறது. 43 என்று அச்சடித்த மாட்யூலும் தாங்காது, 100 என்று அச்சடித்ததும் தாங்காது. பையன்கள் எழுதிய புரோகிராமில் லீவரைத் தள்ளினால் அடுத்த வரியிலேயே திசை மாறும். வேகத்தைக் கட்டுப்படுத்தும்போது இந்த மாட்யூல்கள் அநேகமாக எரிவதில்லை. திசை மாற்றும்போதுதான் எரிகின்றன.

இன்னொன்றும் இருந்தது. இறக்கத்தில் சுமையோடு வரும்போது வேகத்தைக் குறைத்தால், எச்-பிரிட்ஜ் (இந்த மாட்யூல்களுக்குள் இருக்கும், மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் நான்கு ஸ்விட்ச் அமைப்பு) வழியாக மோட்டார் திரும்பப் பேட்டரிக்கு மின்சாரத்தைத் தள்ளும். பேட்டரியிலிருந்து மாட்யூல் வரை நீளமான மெல்லிய ஒயர் போட்டிருந்தார்கள், கெப்பாசிட்டரும் இல்லை. மாட்யூல் முனையில் வோல்ட் எகிறும். பிடிஎஸ்7960 ஒழுங்காக வேலை செய்வது 27 வோல்ட் சொச்சம் வரைதான். முழுச் சார்ஜில் இருக்கும் 24 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியே 25, 26 காட்டும். மிச்ச இடம் எவ்வளவு என்று பாருங்கள்.

சரி, நான் செய்தது. திசைக்கு ரிலே, வேகத்துக்கு மாஸ்ஃபெட் என்று இரண்டையும் பிரித்துவிட்டேன். லாரியில் வரும் 24 வோல்ட் காயில், 40 ஆம்பியர் ரிலே இரண்டு. ஒவ்வொன்றின் பொது முனையும் மோட்டாரின் ஒரு முனைக்கு. ரிலே இழுத்தால் பேட்டரி பிளஸ், விட்டால் மாஸ்ஃபெட்டின் டிரெயின், அதாவது கரண்ட் உள்ளே நுழையும் கால். கீழே ஐஆர்எஃப்3205 என்ற மாஸ்ஃபெட் மூன்று, பக்கத்தில் பக்கத்தில் இணையாக. ஆர்டுயினோவின் 5 வோல்ட் இதைத் திறக்கும் காலான கேட்டுக்குப் போதாது. பாதி திறந்த நிலையில் நின்று சூடாகிச் சாகும். அதனால் நடுவே டிசி4420 என்ற கேட் டிரைவர், அதற்குத் தனியாக 12 வோல்ட். டிரைவரின் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ஒன்று அவசியம். ஆர்டுயினோ ரீசெட் ஆகும் நேரத்தில் பின்கள் அந்தரத்தில் தொங்கும், அப்போது வண்டி தானாகக் கிளம்பிவிடக் கூடாது.

மாஸ்ஃபெட் அணையும்போது மோட்டார் கரண்ட்டுக்கு வழிவிடும் ஷாட்கி டயோடை மோட்டார் முனைகளுக்கு நடுவே போடாதீர்கள். திசை மாறினால் அது நேரடி ஷார்ட். டிரெயினிலிருந்து பேட்டரி பிளஸுக்குப் போட வேண்டும், ஹீட் சிங்கோடு. அதன் பக்கத்திலேயே ஒரு பெரிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்.

புரோகிராமில் லீவர் மாறினால் உடனே எதுவும் மாறாது. முதலில் பிடபிள்யூஎம் (மாஸ்ஃபெட்டை விட்டு விட்டுத் திறந்து மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் துடிப்பு) படிப்படியாகப் பூஜ்யத்துக்கு இறங்கும். பிறகு மோட்டார் உண்மையில் நின்றுவிட்டதா என்று பார்க்கும். இந்தப் பகுதியில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிடபிள்யூஎம் நின்றபின் டிரெயினில் தெரியும் வோல்ட், பேட்டரியிலிருந்து மோட்டார் உண்டாக்கும் வோல்ட்டைக் கழித்ததுதான். 56 கிலோ ஓம், 10 கிலோ ஓம் இரண்டையும் வைத்துப் பிரித்து அனலாக் பின்னில் கொடுத்தேன். அந்த அளவு பேட்டரி வோல்ட்டை நெருங்கிவிட்டால் மோட்டார் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் ரிலே மாறும். கரண்ட் இல்லாமல் மாறுவதால் ரிலே காண்டாக்டில் பொறியே வராது, நீண்ட நாள் உழைக்கும். அப்புறம் மறுபடி மெதுவாக ஏறும். வேக சென்சார் எதுவும் வாங்கவில்லை.

பிடபிள்யூஎம் துடிப்பின் அதிர்வெண் ஆர்டுயினோ உனோ போர்டின் 9, 10ஆம் பின்களில் வழக்கமாக 490 ஹெர்ட்ஸ். டைமர் 1-ஐ மாற்றி 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்தேன். காதுக்குக் கேட்காத அளவுக்கு 31 கிலோஹெர்ட்ஸ் வரைகூடப் போகலாம், ஆனால் மாஸ்ஃபெட் கூடுதலாகச் சூடாகும். மாந்தோப்பில் கிய்யென்ற சத்தம் யாருக்கு இடைஞ்சல்? சக்கரம் கல்லில் மாட்டிக்கொண்டால் வெட்டிவிட ஏசிஎஸ்758 கரண்ட் சென்சார். பேட்டரி பிளஸ் முனையிலேயே ஃபியூஸ். வண்டி ஓட்டுபவர் கையெட்டும் தூரத்தில், பவரையே துண்டிக்கும் சிவப்பு ஸ்விட்ச். அதை ஆர்டுயினோ பின்னில் கொடுத்து "சாஃப்ட்வேரில் நிறுத்திக்கொள்கிறேன்" என்று யாரும் சொல்லாதீர்கள்.

"இது பழைய முறை, முழு எச்-பிரிட்ஜ்தான் சரி" என்று எழுத வருபவர்களுக்கு: தெரியும். ரிலே முறையில் இறக்கத்தில் மோட்டாரை வைத்து மெதுவாக பிரேக் பிடிக்க முடியாது, எச்-பிரிட்ஜில் முடியும். அந்த வண்டியில் டிரம் பிரேக் இருந்தது, எனக்குப் போதும். நொடிக்கு நொடி திசை மாறும் ரோபோ என்றால் நானே ரிலே போட மாட்டேன். "தொழிற்சாலைக்கு ஆர்டுயினோ ஆகாது, பிஎல்சி போடு" என்பவர்களுக்கு: தொழிற்சாலை என்று நான் எங்கே சொன்னேன்?

ஒரு கஷ்டம் சாமான் கிடைப்பது. பக்கத்தில் ஓசூரில் இத்தனை கம்பெனி இருந்தும் ஒரு கேட் டிரைவர் ஐசிக்கு பெங்களூருவில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்பி ரோட்டுக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஆன்லைனில் வாங்கினால் ஐஆர்எஃப்3205 என்று மேலே அச்சடித்து உள்ளே வேறெதையோ வைத்து அனுப்புகிறார்கள். மூன்றையும் மாட்டுவதற்கு முன் கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து, 10 ஆம்பியர் விட்டு, சிப்பின் டிரெயின், சோர்ஸ் (கரண்ட் வெளியேறும் கால்) இரண்டுக்கும் நடுவே, காலிலேயே வைத்து வோல்ட் பாருங்கள். 80 மில்லிவோல்ட் பக்கம் இருந்தால் அசல். 200, 300 என்று காட்டினால் குப்பை.

வண்டி அந்த சீசன் முழுக்க ஓடியது. கூலியில் பாதிதான் வந்தது. அந்த அண்ணனைக் குறை சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலும் பெங்களூரா மரங்கள் இருக்கின்றன, கிளிமூக்கு என்று நீங்கள் கடையில் பார்க்கும் காய். கூழ் ஃபேக்டரி கேட்டில் லாரி வரிசையில் நின்று, காய் கனிய ஆரம்பித்த பிறகுதான் விலையே சொல்கிறார்கள். அந்த நேரத்தில் திருப்பி எடுத்துப்போகவா முடியும்? அவர்கள் சொன்னதுதான் விலை. கலெக்டர் ஆபீஸில் முத்தரப்புக் கூட்டம் போடுங்கள் என்று விவசாயிகள் வருஷா வருஷம் கேட்பதும், அதற்குள் காய் உதிர்வதும் இங்கே வழக்கமாகிவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாட்யூலுக்கு இன்னும் ஆர்டர் போடாதீர்கள். நான் சொன்ன மாதிரி மோட்டாரின் மின்தடையை அளந்து, என்ன சுமை இழுக்கிறது, ஏற்ற இறக்கம் உண்டா, எத்தனை முறை திசை மாற வேண்டும் என்று கீழே எழுதுங்கள். பேட்டரியா, கரண்ட் லைனில் மாட்டும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையா என்பதையும் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் என்றால் மோட்டார் திருப்பித் தள்ளும் மின்சாரத்தை அது வாங்கிக்கொள்ளாது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.