வேண்டுமென்றே குழிபறிக்கும் சக ஊழியரை எப்படிச் சமாளிப்பது?

முதலில், நடப்பது குழிபறிப்புதானா என்று பாருங்கள். மெயிலில் உங்கள் பெயரைச் சேர்க்க மறக்கிறவர் எல்லார் பெயரையும் அப்படித்தான் மறக்கிறார் என்றால், அது அவருடைய சுபாவம். உங்கள் பெயர் மட்டும், அதுவும் முக்கியமான மெயில்களில் மட்டும் விடுபட்டால் யோசிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் நஷ்டம் உங்களுக்கே வருகிறதா, யாரும் பார்க்காத இடத்தில்தான் நடக்கிறதா என்று கவனித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

என் டீமில் அப்படி ஒருவர் இருந்தார். கெடு தேதி மாறினால் "நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்று பொறுப்பெடுத்துக்கொள்வார். எனக்கு மட்டும் செய்தி வராது. நான் முடித்துக் கொடுத்த அறிக்கையைப் பற்றி மேலாளரிடம், "அவங்க பாவம், வீட்டுல ஏதோ பிரச்சனை போல. நான்தான் உட்கார்ந்து சரி பண்ணேன்" என்பார். கேட்பவருக்கு அது அக்கறையாகத்தான் தெரியும். எதிர்த்துப் பேசினால் நாம்தான் நன்றிகெட்டவர். அதே மனிதர்தான் நான் காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி விழித்து என் பங்கு வேலையையும் முடித்துக் கொடுத்தார்.

இந்த இரட்டை நடத்தைதான் ஆளை அதிகம் வாட்டும். 2002-இல் மிஷெல் டஃபி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஸ்லோவேனியா நாட்டுக் காவல்துறையினரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஆதரவும் குழிபறிப்பும் ஒரே ஆளிடமிருந்து வரும்போது பாதிப்பு கூடுகிறது என்று அதில் தெரியவந்தது. அதனால், "சில நாள் நல்லா உதவுறாரே, நான்தான் தப்பா நினைக்கிறேனோ" என்று நீங்கள் உங்களையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதை நிறுத்துங்கள். உதவியதும் உண்மை, காலை வாரியதும் உண்மை. ஒன்று மற்றதை அழித்துவிடாது.

எனக்குப் பலன் தந்தது எழுத்து. இப்படிப்பட்டவர்களின் பலமே வாய்ப்பேச்சுதான். "சொன்னேனே, நீங்கதான் கவனிக்கல" என்று சொல்லிவிட்டால் யாரால் மறுக்க முடியும்? அதனால் பேசி முடித்த கையோடு நாலு வரி மெயில் அனுப்ப ஆரம்பித்தேன்: "இன்று பேசியபடி வரைவு என் பொறுப்பு. எண்களை வியாழக்கிழமைக்குள் நீங்கள் தருகிறீர்கள். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." அவருக்கு மட்டும் இல்லை, எல்லாருக்குமே இப்படி அனுப்பினேன். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அது பொறி வைப்பது போலத் தோன்றும். எல்லாருக்கும் அனுப்பினால் உங்கள் வேலை செய்யும் முறை அதுதான் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு மெயிலிலும் மேலாளரை சிசியில் போடாதீர்கள். சண்டைக்கு நிற்கிற ஆள் என்று உங்களுக்குத்தான் பெயர் வரும்.

நேரில் பேசுவதென்றால் தனியாக, ஒரே ஒரு சம்பவத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே கெட்டுவிடும். நான் கேட்டது இவ்வளவுதான்: "அந்த அறிக்கையைத் திருத்தினதா சொன்னீங்களாமே, எந்த இடம்னு காட்டினீங்கன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்." கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். "சும்மா பேச்சுக்குச் சொன்னேன்" என்று நழுவினார். அவர் திருந்திவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் இது என் காதுக்கு வருகிறது, நான் கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு அந்தப் பேச்சு வெகுவாகக் குறைந்தது.

மேலாளரிடம் போகும்போது ஆளின் குணத்தைப் பேசாதீர்கள். வேலைக்கு வந்த நஷ்டத்தைப் பேசுங்கள். தேதி மாறியது உங்களுக்குத் தெரியவில்லை, அதனால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டியிருந்தது, இனி மாற்றங்களை எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதிவைத்தால் போதும் என்று கேளுங்கள். "அவரைக் கண்டியுங்கள்" என்றால் எந்த மேலாளரும் தயங்குவார். இதைச் செய்து கொடுப்பது அவருக்குச் சுலபம். நடந்தவற்றைத் தேதியோடு உங்கள் சொந்த நோட்டில் குறித்துவையுங்கள். அலுவலக ஆவணங்களை மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அதையே உங்கள்மேல் குற்றமாகத் திருப்பலாம்.

அவமானப்படுத்துவது, ஒதுக்கிவைப்பது என்று எல்லை மீறினால் ஹெச்ஆரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் கொண்டுவந்த 190-ஆவது உடன்படிக்கை, மனரீதியான பாதிப்பு உண்டாக்கும் நடத்தையையும் வேலையிடத் துன்புறுத்தல் என்றே சொல்கிறது. மேலாளரே குழிபறிப்பவருக்குத் துணை நின்றால் வேறு டீமுக்கு மாறுவதற்கான வழியைத் தேடத் தொடங்குங்கள். அதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இது நடப்பதைப் பார்த்தால், மீட்டிங்கில் "அந்தப் பகுதி அவங்க செஞ்சது, எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லுங்கள். எனக்காக ஒரு சீனியர் அப்படிச் சொன்னார். அன்றைக்கு நான் பேசியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர் சொன்னதால் மேலாளர் நிமிர்ந்து பார்த்தார்.