மூக்கில கை வைச்சுப் பாக்கிற அம்மாவுக்கு

அந்த நித்திரைக் குளிசைய இண்டைக்கு ராவு மகனுக்குக் குடுக்காதீங்க அம்மா. மிச்சமெல்லாம் பிறகு கதைப்பம். மாமியார்ட கிளினிக் குளிசைய அரைவாசியா முறிச்சு தேத்தண்ணியில கரைச்சு நாலு நாளா குடுத்து வாறன், அவன் ராவில வெளிய போகாமப் படுக்கிறான் எண்டு எழுதியிருக்கிறீங்க, அதே கடிதத்தில அவன்ட சட்டைப் பொக்கற்றுக்குள்ள கரி பிடிச்ச ஈயத்தாள் கிடந்தது, கேட்டதுக்கு தூளை, அதான் ஹெரோயினை, அதில வைச்சு இழுக்கிறதை ஒத்துக்கொண்டான், கூட்டாளி முதுகு நோவுக்கெண்டு குடுக்கிற கப்சூலும் போடுறான் எண்டும் எழுதியிருக்கு. இந்த மூண்டும் ஒரே உடம்புக்குள்ள ஒரே ராவில சேர்ந்தா என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு ஆரும் சொல்லித் தரல்ல, ஆனா உங்கட மனசுக்குத் தெரிஞ்சிருக்கு, இல்லாட்டி விடியச்சாமம் ரெண்டு மணிக்கு ஒழும்பிப் போய் 20 வயசுப் பிள்ளைட மூக்குக்குக் கிட்ட கை வைச்சுப் பாக்க மாட்டீங்க.

கண் சிவந்திருக்கு, உதடு கறுத்துப் போச்சு, முடி கொட்டுது, மூளையில ஓட்டை விழுமெண்டு யூடியூப்பில ஒருத்தர் சொன்னார், இனிப் பிள்ளை குட்டி பிறக்குமா எண்டு வரிசையாக் கேட்டிருக்கிறீங்க. உதடு கறுக்கிறதாலயும் கண் சிவக்கிறதாலயும் ஒருத்தரும் சாகிறதில்ல, அது புகை. சாப்பிடாம நித்திரை கொள்ளாமத் திரியிறவனுக்கு முடி கொட்டத்தான் செய்யும், எண்ணெய்க்குக் காசைக் கொட்டாதீங்க. மூளையில ஓட்டை எண்டது கட்டுக்கதை, அந்த வீடியோவை இனிப் பாக்காதீங்க, ஆருக்கும் அனுப்பவும் வேணாம். தூள் ஆம்பிளை ஹோர்மோனைக் குறைக்கிறது உண்மைதான், விட்டா பெரும்பாலும் திரும்பி வரும், அதைக் கலியாணப் பேச்சு வாற நேரம் யோசிப்பம்.

நீங்க கேக்காமக் கேட்ட கேள்வி ஒண்டுதான், இவன் நித்திரையிலேயே போயிடுவானோ எண்டு. போகலாம் அம்மா. மறைக்க மாட்டன். ஆனா முன்னறிவித்தல் இல்லாமப் போறது குறைவு, அந்த முன்னறிவித்தலை நீங்க ஏற்கெனவே காதால கேட்டிட்டீங்க. "குறட்டை முந்தி மாதிரி இல்ல, தொண்டைக்குள்ள தண்ணி கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்" எண்டு கடிதத்துட கடைசியில ஒரு ஓரமா எழுதியிருக்கிறீங்களே, முதல் வரியா எழுத வேண்டியது அது.

பிடரிக்கு உள்பக்கம் மூளைத் தண்டில மூச்சுக்குக் காவல் இருக்கிற இடம் ஒண்டு இருக்கு, இரத்தத்தில கரியமில வாயு கொஞ்சம் கூடினாலே மூச்சை இழு எண்டு அது உடம்பைத் தட்டி விடும். தூள் அந்தக் காவலைத்தான் மரக்கப் பண்ணுது. அதால மூச்சு முட்டுற உணர்வே ஆளுக்கு வராது, துடிக்கிறதில்ல, கூப்பிடுறதில்ல, மூச்சு ஆறுதலாகி ஆறுதலாகி நிண்டிடும். அதுக்கு மேல டயசிபாம் மாதிரி நித்திரைக் குளிசை விழுந்தா தொண்டைத் தசையும் தளர்ந்து நாக்கு பின்னால சரியும், அந்தக் கொதிக்கிற சத்தம் அதுதான். கப்சூலைப் பற்றி நீங்க எழுதினதைப் பாத்தா பிரிகபலின் மாதிரித் தெரியுது. அது நீரிழிவுக்காரருக்குக் கால் எரிவுக்கும் நரம்பு நோவுக்கும் நாங்க எழுதிக் குடுக்கிற மருந்து, இப்ப பெடியள் வெறிக்குப் போடுறாங்க. தனிய எடுத்தா தலைச்சுத்து, தள்ளாட்டம், தூளோட சேர்ந்தா மூச்சை இன்னும் அமத்தும், 2019 டிசம்பரில அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இதுக்கெண்டே எச்சரிக்கை விட்டது. ஊசி போட்டாத்தான் ஆள் போகும், ஈயத்தாளில இழுத்தா பயமில்ல எண்டு அவன் சொன்னா நம்பாதீங்க, இப்பிடிக் கலந்து எடுக்கிறவனுக்கு இழுத்தாலும் ஆபத்துத்தான்.

சில வருசத்துக்கு முதல் நான் ராவு டியூட்டியில நிண்ட ஒரு ஆஸ்பத்திரிக்கு உங்கட மகன்ட வயசுப் பெடியன் ஒருத்தனை ஆட்டோவில போட்டுக் கொண்டு வந்தாங்க. சட்டை தொப்பமா நனைஞ்சு கிடந்தது, தலைமுடிக்குள்ள தேசிக்காய்க் கொட்டை ஒட்டிக் கிடந்தது, மூச்சுக் குறைஞ்சு உதடு நாவற்பழ நிறம். கூட வந்த ரெண்டு பேரும் ஆளை ஆள் பாத்துக்கொண்டு நிண்டாங்க, மறுகா ஒருத்தன் சொன்னான், "பத்து மணியில இருந்து நல்லாக் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தான் டொக்டர், நல்ல நித்திரை எண்டு நாங்க எழுப்பல்ல, ரெண்டு மணிக்குச் சத்தம் நிண்டுட்டு." நாலு மணித்தியாலம் அம்மா. சத்தம் நிண்ட பிறகும் தலையில தேசிக்காய் தேய்ச்சு, கிணத்தடியில வைச்சுத் தண்ணி வாத்து, பொலிஸ் பிடிக்கும் எண்டு பயந்து இன்னும் முக்கால் மணித்தியாலம் வீணாப் போச்சு. எங்களால அவனைத் திருப்பி எடுக்க ஏலாமப் போச்சு. அண்டைக்கு அந்தக் குறட்டை கேட்ட நேரமே கொண்டு வந்திருந்தா இண்டைக்கு அவன் எங்கயோ ஒரு வேலை செஞ்சுகொண்டு இருந்திருப்பான் எண்டு இப்பவும் எனக்கு நினைப்பு வரும்.

அதால இனி மூக்கில கை வைக்கிறதை விடுங்க, அது காணாது. லைட்டைப் போடுங்க. நெஞ்சு ஏறி இறங்கிறதை போனில மணி பாத்து ஒரு நிமிசம் முழுசா எண்ணுங்க, நித்திரையில வளர்ந்த ஆளுக்கு 12க்கும் 20க்கும் இடையில இருக்கோணும், 10க்குக் கீழ போனா ஆபத்து. எண்ணின கையோட பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்பிட்டு, கையைப் பொத்தி விரல் மொழியால நெஞ்செலும்பில நல்லா அழுத்தித் தேயுங்க. நித்திரை கொள்ளுறவன் எண்டா எரிஞ்சு விழுவான், ஏசுவான், ஏசட்டும். அசையாமக் கிடந்தா, இல்லாட்டி ஒருக்காக் கண் திறந்து திரும்ப அமிழ்ந்து போனா, அது நித்திரை இல்ல. இமையைத் தூக்கிப் பாருங்க, கண்மணி குரக்கன் மணி அளவுக்குச் சுருங்கி இருந்தா தூள் வேலை செய்யுது. கண்மணி சுருங்காமலும் இருக்கலாம், வேற சாமான் கலந்திருந்தா அப்பிடி நடக்கும், அதால கண்ணைப் பாத்து ஏமாற வேணாம், மூச்சும் எழும்பாததும்தான் முக்கியம். மூச்சுக் குறைஞ்சாலோ, ஆள் எழும்பாட்டியோ, ரெண்டில ஒண்டு நடந்தாலே உடன 1990க்கு அடியுங்க, சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்ல. அது வருமட்டும் ஆளை ஒருக்களிச்சுப் படுக்க வைச்சு, மேல்பக்கத்துக் காலை மடிச்சு முன்னால விட்டு, தாடையைக் கொஞ்சம் மேல தூக்கி வையுங்க, சத்தி எடுத்தாலும் வெளிய வடியும். மூச்சே இல்லாட்டி நெஞ்சில அழுத்தத் தொடங்குங்க, எப்பிடி எண்டு போனில சொல்லுவாங்க. வாயில ஒண்டும் ஊத்தக்கூடாது, தேசிக்காய்த் தண்ணியும் இல்ல, பாலும் இல்ல, மோரும் இல்ல, அப்பிடிக் கிடக்கிறவனுக்கு ஊத்தினது நேர நுரையீரலுக்குத்தான் போகும்.

வாறவங்களுக்கு உண்மையைச் சொல்லுங்க. தூள், கப்சூல், மாமியார்ட குளிசை, எத்தனை மணிக்கு, எல்லாம். அம்புலன்சில வாறவங்க மூச்சைப் பாக்க வாறவங்க, உங்கட மகனைப் பிடிக்க வாறவங்க இல்ல. ஆஸ்பத்திரியில நலொக்சோன் எண்டு ஒரு ஊசி இருக்கு, தூளுட வேலையை அது முறிக்கும், இரத்த நாளத்தில போட்டா ரெண்டு மூண்டு நிமிசத்தில ஆள் கண் முழிச்சு எழும்பி இருந்து வீட்ட போகப் போறன் எண்டு சண்டை பிடிக்கும். அப்ப கையொப்பம் போட்டுக் கூட்டிக்கொண்டு போயிடாதீங்க. அந்த ஊசிட வேலை 30 இல இருந்து 90 நிமிசம் வரைக்கும்தான், தூள் அதை விட நேரம் உடம்பில நிக்கும், வீட்டில போய் திரும்ப அமிழ்ந்து போவான். நித்திரைக் குளிசைக்கும் கப்சூலுக்கும் அந்த ஊசி கேக்கிறதே இல்ல, அதால என்ன குடுத்தனீங்க எண்டு மறைச்சா நாங்க இருட்டில தேடுற மாதிரித்தான்.

வாகரையில தம்பி வீட்ட மூணு மாசம் அனுப்பி மாத்தி எடுக்கப் போறன் எண்டு எழுதியிருக்கிறீங்க. அனுப்புங்க, ஆனா திரும்பி வாற கிழமையை நினைச்சு இப்பவே பயப்படுங்க. தூளை விட்டு ரெண்டு மூண்டு கிழமை போனாலே உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்திடும், ஆனா கை பழைய அளவைத்தான் எடுக்கும், முந்தி எடுத்த அதே அளவு அப்ப ஆளைக் கொல்லும். ஜெயிலால வாறவங்களும் புனர்வாழ்வு முடிச்சு வாறவங்களும் முதல் கிழமைகளில சாகிறது இதாலதான். இதை அவன்ட முகத்துக்கு நேர சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. முதல் ரெண்டு மூண்டு நாள் கொட்டாவி, மூக்கு வடியிறது, மயிர் கூச்செறியிறது, வயித்தோட்டம், கால் உளைவு எல்லாம் வரும், செத்துப் போறன் எண்டு கத்துவான், தண்ணியும் உப்புக் கஞ்சியும் உள்ள போனா அதால ஆள் சாகிறது அரிது, ஒரு கிழமையில பெரும்பாலும் அடங்கும். அடக்க எண்டு திரும்ப அந்தக் குளிசைப் பெட்டியைத் தேட வேணாம்.

கணவர்ட குடியையும் அவன்ட தூளோட சேர்த்து ஒரே நாளில நிப்பாட்டப் போறன் எண்டு போற போக்கில எழுதியிருக்கிறீங்க, அது வேற கதை. தினமும் கசிப்புக் குடிச்ச உடம்பு ஒரேயடியா நிப்பாட்டினா ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாம் மூண்டாம் நாள் கை நடுங்கி, வியர்த்து, இல்லாததைக் கண்டு பிதற்றுறதும் வரலாம், அது ஆளைக் கொல்லக்கூடியது. தூளை விடுறவனை வீட்டில வைச்சுப் பாக்கலாம், வருசக் கணக்காக் குடிக்கிறவரை ஆஸ்பத்திரியில காட்டாம நிப்பாட்டக் கூடாது. அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க.

ஐஸ், அதான் மெத்தம்பெற்றமின் எண்ட போதைப்பொருளும் எடுக்கிறானோ எண்டு சந்தேகம் சொல்றீங்க. ஐஸ் எடுத்தவன் ரெண்டு மூண்டு நாள் படுக்கவே மாட்டான், கண்மணி பெருத்து, ஆரோ பின்னால வாறாங்க எண்டு கதவைப் பூட்டிப் பூட்டிப் பாப்பான், உங்கட மகன்ட கதை அது மாதிரித் தெரியல்ல. அப்பிடி ஒரு நாள் நெஞ்சு நோகுது எண்டு சொன்னா வாயு எண்டு இஞ்சித் தண்ணி குடுக்காமக் கொண்டு வாங்க, 20 வயசிலயும் ஐஸ் இதயத்தைப் பிடிக்கும். கஞ்சா மூச்சை நிப்பாட்டாது, காதில ஆரோ கதைக்கிறாங்க எண்டு அவன் சொல்லத் தொடங்கினா மட்டும் சுணங்காம மனநல டொக்டரிட்டக் காட்டுங்க.

நீங்க களுவாஞ்சிக்குடிப் பக்கம் எண்டபடியா ஆதார வைத்தியசாலை கிட்ட, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவும் இருக்கு, காசு கேக்க மாட்டாங்க. அதுக்கு முதல் கதைச்சுப் பாக்கோணும் எண்டா 1927க்கு அடியுங்க, அது தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைட இலக்கம். மகன் வரமாட்டன் எண்டா நீங்க தனிய வாங்க, அவன் இல்லாமலும் செய்ய எவ்வளவோ இருக்கு. மாமியார் அவங்கட குளிசைய வழமை போல போடட்டும், அதை நிப்பாட்டிடாதீங்க, ஆனா அந்தப் பெட்டி இப்ப அவங்கட தலையணைக்குக் கீழ கிடக்குது எண்டு எழுதியிருக்கிறீங்க. இதை வாசிச்ச உடன போய் எடுத்து, எத்தனை மிச்சம் எண்டு எண்ணி, அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டி, திறப்பைத் தாலிக்கொடியில கோர்த்துக்கொள்ளுங்க.