ஓடைக்கு இந்தாண்டை ஒரு நாடு, அந்தாண்டை ஒரு நாடு

போன இதழ்ல பெர்லின் சுவர் பத்தின கேள்விக்கு பதில் சொல்றப்ப, "இதே மாதிரி சுவர் வெச்சுப் பிரிச்ச மோட்லாராய்ட்னு ஒரு குக்கிராமம்கூட இருக்கு"ன்னு ஒரு வரில சொல்லிட்டு நழுவிட்டேன். விடுவீங்களா? வந்த கேள்வியில பாதி அந்த ஊர் பத்திதான், அதனால இந்த வாட்டி மத்த கேள்விங்களுக்கு லீவு.

கே: அந்த ஊர் ஜெர்மனில எங்க இருக்கு? எவ்ளோ பெரிய ஊர்?

பெரிய ஊரா! எண்ணிப் பாத்தா அம்பது பேர் தேறினா அதிகம். பவேரியாங்கற மாநிலத்தோட வடகிழக்கு மூலைல ஹோஃப்னு ஒரு டவுன், அதுக்குப் பக்கத்துல. சுத்தி வயல், மேய்ச்சல் நிலம், ஊசியிலை மரக்காடு, அவ்ளோதான். பேரோட கடைசில வர்ற 'ராய்ட்'டுக்கு காட்டை வெட்டித் திருத்தின இடம்னு அர்த்தம், பைராய்ட்ங்கற ஊர் பேர்ல வர்றதும் இதேதான். ஊருக்கு நடுவுல டான்பாக்னு ஒரு ஓடை. ஓடைன்னதும் பாலம் படகுன்னு கற்பனை பண்ணாதீங்க, ஒரு எட்டு எடுத்து வெச்சா அக்கரை.

கே: ஒரு ஊருக்கு நடுவுல போய் எல்லைக்கோடு போட்டது யாரு? ரஷ்யாவா அமெரிக்காவா?

ரெண்டு பேருமே இல்ல சார், அங்கதான் சுவாரஸ்யமே. கோடு போட்டது 1810ல. ஓடைக்கு ஒரு பக்கம் பவேரிய ராஜ்யம், இன்னொரு பக்கம் ராய்ஸ்னு ஒரு சின்ன சமஸ்தானம், ரெண்டுக்கும் நடுவுல எல்லைக்கல் நட்டாங்க. நட்டாங்களே தவிர ஊர்க்காரங்க யாரும் அதைக் கண்டுக்கவே இல்ல. பள்ளிக்கூடமும் சாராயக்கடையும் ராய்ஸ் பக்கம் இருந்துச்சு, சர்ச்சுக்குப் போகணும்னா பவேரியா பக்கம் டோப்பன்கற ஊருக்கு நடக்கணும், அதனால புள்ளைங்க அந்தப் பக்கம் படிச்சுச்சு, அப்பன்மாருங்க அந்தப் பக்கம் குடிச்சாங்க, ஞாயித்துக்கிழமை எல்லாரும் இந்தப் பக்கம் சாமி கும்பிட்டாங்க, பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்தாங்க. 1920ல ராய்ஸ் போய் துரிங்கியா மாநிலம் ஆச்சு, அப்பவும் ஒண்ணும் மாறல.

1945ல ஜெயிச்ச நாடுங்க ஜெர்மனியப் பங்கு போட்டப்ப புதுசா கோடு கிழிக்கல, இந்த வட்டாரத்துல ஏற்கனவே இருந்த மாநில எல்லையவே எடுத்துக்கிட்டாங்க. துரிங்கியா ரஷ்யாவுக்கு, பவேரியா அமெரிக்காவுக்கு. 1949ல அது ரெண்டு நாடாவே ஆயிடுச்சு, துரிங்கியா பக்கம் கிழக்கு ஜெர்மனி, பவேரியா பக்கம் மேற்கு ஜெர்மனி. எவனோ ஒரு ராஜாவோட நில அளவைக்காரன் நட்ட கல்லு உலகத்தையே பிரிக்கிற கோடா மாறிடுச்சு பாருங்க.

கே: சுவர் எப்ப வந்துச்சு? அக்கரைல இருக்கிற சொந்தக்காரங்கள பாத்துப் பேச முடிஞ்சுதா?

பேச்சை விடுங்க, கை காட்டக்கூட முடியாது.

1952 மே மாசம் கிழக்கு ஜெர்மனி திடீர்னு எல்லைய மூடுச்சு. கோட்டை ஒட்டி பத்து மீட்டர் உழுது போட்ட வெறும் மண்ணு, கால் வெச்சா தடம் தெரியணும்ல அதுக்கு. அடுத்து 500 மீட்டருக்கு கெடுபிடி வளையம், அதுக்கும் மேல 5 கிலோமீட்டர் வரைக்கும் பாஸ் இல்லாம யாரும் நுழையக்கூடாது. மோட்லாராய்ட்டோட கிழக்குப் பாதி மொத்தமும் அந்த 500 மீட்டருக்குள்ள மாட்டிக்கிச்சு. அடுத்த மாசமே எல்லையோர ஊருங்கள்ல நம்பிக்கையில்லாத ஆளுன்னு பட்டவங்கள எல்லாம் குடும்பத்தோட லாரில ஏத்தி உள்நாட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த வேலைக்கு அரசாங்கம் வெச்ச ரகசியப் பேரு என்ன தெரியுமா, 'பூச்சி புழு'. சொந்த ஜனங்களுக்கு!

ஓடையோரம் முதல்ல ஆள் உயரத்துக்குப் பலகை வேலி வந்துச்சு, அப்புறம் முள்கம்பி, 1966ல 700 மீட்டர் நீளத்துக்கு கான்கிரீட் சுவர், உயரம் பத்தடிக்கு மேல. காவல் கோபுரம், ராத்திரி பூரா ஃபோகஸ் லைட்டு. மேற்குப் பக்கம் வந்து நின்னு யார் வேணா வேடிக்கை பாக்கலாம், கை ஆட்டலாம், ஆனா கிழக்குல இருக்கிறவன் பதிலுக்குக் கை ஆட்டினா குத்தம். யோசிச்சுப் பாருங்க, கூடப் பொறந்தவ கூப்பிடு தூரத்துல நின்னு கை காட்டுறா, நீங்க பாக்காத மாதிரி வாளியத் தூக்கிட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போகணும். அமெரிக்க சோல்ஜருங்க இந்த ஊருக்கு 'லிட்டில் பெர்லின்'னு பேர் வெச்சுட்டாங்க. பெர்லின்லயாவது பின்னாடி பாஸ் வாங்கிட்டுத் தாண்ட செக்போஸ்ட் இருந்துச்சு, இங்க அதுவும் கிடையாது. நாப்பது அடி தாண்டறதுக்கு வேற எங்கயோ இருக்கிற செக்போஸ்ட் வழியா சுத்திட்டு வரணும், சுத்தி வந்தாலும் அந்த 500 மீட்டர் வளையத்துக்குள்ள சாதாரணமா விடமாட்டான்.

கே: யாராவது தப்பிச்சாங்களா? அமெரிக்கத் தலைவர் ஒருத்தர் வந்தார்ங்கறாங்களே?

தப்பிச்சார் ஒருத்தர். 1973 மே மாசம், எல்லைப் பகுதிக்குள்ள வண்டி ஓட்ட பாஸ் வெச்சிருந்த ஆளு, வேனை நேரா சுவர்கிட்ட கொண்டுபோய் நிறுத்தி, கூரை மேல ஏணிய வெச்சு அந்தப் பக்கம் குதிச்சுட்டார். தலைவர் வந்தது 1983 பிப்ரவரில, அப்ப துணை ஜனாதிபதியா இருந்த பெரிய புஷ். பெர்லின்ல கென்னடி "நானும் பெர்லின்காரன்தான்"னு சொன்னதை மாத்தி "நானும் மோட்லாராய்ட்காரன்தான்"னு சொல்லிட்டுப் போனார். காப்பிதான், ஆனா ஊர்க்காரங்களுக்கு சந்தோஷம்.

கே: இப்ப ஊர் ஒண்ணாயிடுச்சா?

பெர்லின்ல சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. இங்க அதுக்கப்புறமும் சரியா ஒரு மாசம் காத்துக் கிடந்தாங்க, டிசம்பர் 9ந்தேதிதான் ஆள் நடக்கிற அளவுக்கு வழி விட்டாங்க. 1990 ஜூன் 17ந்தேதி புல்டோசர் வந்து மிச்சத்தையும் இடிச்சுச்சு. சுமார் 100 மீட்டரை மட்டும் விட்டு வெச்சு, கோபுரத்தோட சேத்து மியூசியம் ஆக்கிட்டாங்க.

ஆனா 1810 கோடு அப்படியேதான் இருக்கு! பாதி ஊர் பவேரியா, பாதி துரிங்கியா. இந்தப் பக்கம் பின்கோடு 95183, அந்தப் பக்கம் 07926. வண்டி நம்பர் பிளேட்டு வேற, போன் கோடு வேற, மேயர் வேற, வணக்கம் சொல்றதே வேற, பவேரியாக்காரங்க "க்ரூஸ் காட்"டும்பாங்க, அக்கரைல "கூட்டன் டாக்". அக்டோபர் 31 துரிங்கியாவுல லீவு, பவேரியாவுல வேலை நாள். மறுநாள் நவம்பர் 1 பவேரியாவுல லீவு, துரிங்கியாவுல வேலை. இப்ப அன்னிக்கு வீட்டுல இருக்கிறவன் வேலைக்குக் கெளம்பறவனப் பாத்து தாராளமா கை ஆட்டலாம்.