சிறு கட்டி பட்டாலே துப்பிவிடும் 10 மாதக் குழந்தை: என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு 10 மாதம் முடிந்துவிட்டது. ஆறு மாதத்திலிருந்து மிக்ஸியில் மைய அரைத்த உணவைத்தான் கொடுத்து வருகிறேன். அதை ஆசையாகச் சாப்பிடுகிறாள். சிறு கட்டி நாக்கில் பட்டால்கூட ஓங்கரித்துத் துப்பிவிடுகிறாள். இன்னும் இரண்டு பற்கள்தான் முளைத்திருக்கின்றன. தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயந்து மீண்டும் அரைத்தே கொடுக்கிறேன். எப்படிப் பழக்குவது?

பதில்: உங்கள் மகளுக்கு உணவின் மீது வெறுப்பு இல்லை, மெல்லும் பழக்கம்தான் இன்னும் கைவரவில்லை. அரைத்த உணவை விழுங்குவதற்கு நாக்கு முன்னும் பின்னும் அசைந்தால் போதும். கட்டியான உணவை நாக்கு பக்கவாட்டில் தள்ளி, ஈறுகளுக்கிடையே நசுக்கி, திரட்டி உள்ளே அனுப்ப வேண்டும். இந்தத் திறன் பெரும்பாலும் 7 முதல் 9 மாதங்களுக்குள் உருவாகத் தொடங்கினாலும், வாய்க்குள் கட்டியான உணவு வந்தால்தான் அது தேறும். பல்லுக்காகக் காத்திருக்க வேண்டாம். மெல்ல உதவும் கடைவாய்ப் பற்கள் ஒரு வயதுக்குப் பிறகே முளைக்கின்றன. மென்மையான உணவை நசுக்க ஈறுகளே போதும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு. பெரியவர்களுக்கு நாக்கின் பின்பகுதியைத் தொட்டால் வரும் ஓங்கரிப்பு, குழந்தைகளுக்கு நாக்கின் நடுப்பகுதியைத் தொட்டாலே வந்துவிடும். அது மூச்சுக்குழாயைக் காக்கும் இயல்பான அனிச்சைச் செயல். அப்போது முகம் சிவக்கும், சத்தம் வரும், உணவு வெளியே வரும். மூச்சடைப்பிலோ குழந்தையால் அழவோ இருமவோ முடியாது. உதடு நீலம் பாரிக்கும். அந்த நேரத்தில் தர வேண்டிய முதலுதவியை வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் முறையாகக் கற்றுக்கொள்வது நல்லது.

பல பெற்றோர் அரைத்த உணவிலிருந்து நேராக, நீர்த்த குழம்பில் கட்டிகள் மிதக்கும் உணவுக்குத் தாவிவிடுகிறார்கள். குழந்தைக்கு மிகக் கடினமானது அதுதான், ஏனெனில் நீரை உடனே விழுங்கிக்கொண்டு கட்டியை மட்டும் வாயில் நிறுத்தி மெல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே முதலில், இப்போது கொடுக்கும் அதே உணவில் நீரைக் குறைத்து, கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத அளவுக்குக் கெட்டியாக்குங்கள். அது பழகிய பிறகு, வேகவைத்த உருளைக்கிழங்கு போன்ற ஏதேனும் ஒன்றை மட்டும் முள்கரண்டியால் மசித்துக் கொடுங்கள். கூடவே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே லேசாக அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு மென்மையான பழத்துண்டையோ வெந்த கேரட் துண்டையோ அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தானே எடுத்து வாயில் வைக்கும் குழந்தை, அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்பதை அறிந்திருப்பதால் குறைவாகவே ஓங்கரிக்கும். நீங்கள் ஊட்டும்போது உணவை நாக்கின் நடுவில் வைக்காமல் கன்னத்துப் பக்கமாக வையுங்கள்.

பசியும் உற்சாகமும் உள்ள வேளையில், நிமிர்ந்து உட்கார வைத்து, உணவின் தொடக்கத்தில் இரண்டு மூன்று வாய் மட்டும் இப்படிக் கொடுத்தால் போதும்; மீதியை வழக்கம்போல் ஊட்டலாம். சற்று முன்னர்தான் பால் குடித்திருந்தால் அவளுக்கு ஆர்வமே இருக்காது. துப்பினால் முகம் சுளிக்காதீர்கள், வாயைப் பிடித்துத் திணிக்கவே திணிக்காதீர்கள். ஒரே உணவைப் பத்துக்கும் மேற்பட்ட முறை காட்டிய பிறகே ஏற்கும் குழந்தைகள் உண்டு. முழுக் கொட்டைகள், முழுத் திராட்சை, பச்சைக் கேரட் ஆகியவை இப்போது வேண்டாம். ஒரு வயது வரை தேனும் கூடாது.

ஆனாலும் இதை மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். கட்டியான உணவு 10 மாதத்துக்கு முன் அறிமுகமாகாத குழந்தைகளிடம் பின்னாளில் உணவுச் சிக்கல்கள் கூடுதலாகக் காணப்பட்டதை இங்கிலாந்தில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்று பதிவு செய்துள்ளது.

ஒவ்வொரு முறை உண்ணும்போதும் புரையேறுதல், உணவுக்குப் பின் மூச்சில் கரகரப்பு, அடிக்கடி சளிக்காய்ச்சல், எடை ஏறாமை, பொம்மையைக்கூட வாயருகே கொண்டுபோக மறுத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும், அல்லது சில வாரங்கள் முயன்றும் மாற்றம் இல்லையென்றாலும், குழந்தைநல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். அவள் சாப்பிடும்போது கைபேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளியையும் எடை பதிவுகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். விழுங்குவதில் சிக்கலா, பழக்கக் குறைவா என்பதைப் பிரித்தறிய அவை மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.